அரிசி டிரம்முக்குள் அதிர்ந்த போன்

முதல் அறிகுறி ஒரு செய்முறைத் தேர்வில் வந்தது. முதுகலை வேதியியல், முதல் ஆண்டு. ப்யூரெட் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும் அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து என் வலது தொடையில் போன் அதிர்ந்தது. குனிந்தேன். நிமிர்வதற்குள் குடுவை ரோஸ்மில்க் நிறத்துக்குப் போய்விட்டது.

என் தொடையில் போன் இல்லை. அது எல்லோருடைய பைகளோடும் வெளியே பெஞ்சில் கிடந்தது. ஆய்வக அங்கியின் பாக்கெட்டில் ஒரு கைக்குட்டை மட்டும்தான்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி அதிர்ந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்று, "கீழ யாரம்மா தேடற?" என்றார். அடுத்த மேஜையில் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் சிரித்து வைத்தேன்.

இதற்கு மாய அதிர்வு (போன் இல்லாத இடத்தில் அது அதிர்வதாக உடம்பு உணர்வது) என்று பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு அது இடுப்பில் இருக்கும், சிலருக்குத் தலையணைக்கு அடியில். குளிக்கும்போதும் எனக்குத் தொடையில் அதிர்ந்தது. ஈரத் தொடையில், துணிகூட இல்லாத இடத்தில். அப்போதுதான் பயந்தேன்.

பயந்தாலும் மருத்துவமனைக்குப் போனது அதற்காக இல்லை, கட்டைவிரலுக்காக. டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கும்போது மணிக்கட்டிலிருந்து உயிர் போவது போல வலித்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஆவடி அரசு மருத்துவமனைக்குப் போனாள். எலும்புப் பிரிவு மருத்துவர் விரலை மடக்கிப் பார்த்து, தசைநாண் உறை அழற்சி (கட்டைவிரலை அசைக்கும் நார், தான் ஓடும் உறைக்குள் உரசி வீங்குவது) என்றார்.

"என்ன வேலை செய்யற?"

"படிக்கிறேன் சார்."

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் அவருடைய மேஜை விரிப்பின்மேல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. முதலில் அவர் அதைப் பார்த்தார், பிறகு அம்மா பார்த்தாள். கடைசியாகத்தான் நான் பார்த்தேன். விரலுக்கு ஒரு பட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லியும் எழுதினார்.

அந்தப் பிரிவின் நடைபாதையில் பச்சை பெஞ்சு ஒன்று உண்டு. அம்மா அதில் உட்கார்ந்ததும் முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். எங்கள் வீடு திருநின்றவூரில். எங்கள் தெருவில் பாதிப் பேர் சர்க்கரை மாத்திரைக்கு இங்கேதான் வருவார்கள்.

"தலய தூக்காத. யாராச்சும் பாத்தா, பொண்ணுக்கு மெண்டலுன்னு ஊரு பூரா சொல்லிடுவாங்கோ. நாளைக்கு உன்ன எவன் வந்து கேப்பான்?"

அவளுக்கு என் நோயைவிட அதற்கு வைக்கப்போகும் பெயர்தான் பயம். அந்தப் பயம் என்னவெல்லாம் செய்யும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மனநல மருத்துவர் ஒரு பெண். அதட்டவில்லை. "போனே வேண்டாம்னு சொல்லலம்மா. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்" என்றார். தூண்டல் தாங்கும் பயிற்சி (கை பரபரக்கும்போதும் அதை நகர்த்தாமல், பரபரப்பு தானே தணியும்வரை இருப்பது) ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். "அதிர்ந்தா உடனே கை போகக் கூடாது. அதிரட்டும்னு விட்டுட்டு உட்காரு. அதுவா அடங்கும்."

எங்கள் வீட்டில் கொஞ்சம் கொஞ்சம் என்ற பேச்சே கிடையாது. செமஸ்டர் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கிய அன்று அம்மா என் கையிலிருந்த போனை வாங்கி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். டிரம்முக்கு மேல் இட்லிக் குண்டானை வைத்தாள். அரிசி அளக்கும் வேலையையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்கு அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை. எதையும் கிண்டலாகவே சொல்லிப் பழகியவர்.

"பாத்துமே, அரிசிக்கு சார்ஜ் ஏறிடப் போவுது. சோறு தின்னா ஷாக் அடிக்கும்" என்றார்.

அடுத்து வந்ததற்கு விலகல் அறிகுறிகள் (பழகியதை நிறுத்தும்போது உடம்பும் மனசும் செய்யும் ரகளை) என்று பெயர். வியர்த்தது. காரணமில்லாமல் கோபம் வந்தது. டிவி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன், டிவியைப் போடாமல். எதைப் பார்த்தாலும் விரலால் மேலே தள்ளத் தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதே அக்கா, அதே கொடி.

எல்லாவற்றையும்விட மோசம் அந்த டிரம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நானும் அதுவும்தான். அம்மாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பகலெல்லாம் டிரம்முக்குள் போன் அதிர்வது எனக்குக் கேட்கும். அரிசி அரிசியோடு உரசும் சன்னமான சத்தம் வரும். ஒருநாள் டிரம்மின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தகரம் நடுங்கியது. சத்தியமாக நடுங்கியது.

ஆனால் திறக்கவில்லை. மருத்துவர் சொன்னபடி, அதிரட்டும் என்று எதிரில் உட்கார்ந்தேன். சில சமயம் அழுதேன். அடங்கியது. மறுநாள் கொஞ்சம் சீக்கிரமே அடங்கியது. விடுமுறை முடியும்போது டிரம்மைக் கடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர என்னால் முடிந்தது. என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே போட்டி அது என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் அம்மா திடீரென்று விசித்திரமாக எதையாவது கேட்பாள். "க்ரிஞ்சுன்னா இன்னாடி?" என்பாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. கம்பெனியில் சின்னப் பெண்கள் பேசுவார்கள்போல என்று நினைத்து, பார்க்கவே கூசுவது என்று அர்த்தம் சொல்லி வைத்தேன்.

கல்லூரி திறந்தது. பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் கல்லூரி அது. ஆவடியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கையில் போன் இல்லாமல் போனேன். எங்கே போய்த் தொலைந்தாய் என்று எல்லோரும் கேட்பார்கள், என்ன பொய் சொல்லலாம் என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

யாரும் கேட்கவில்லை.

ஹேமா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என் வகுப்புத் தோழி. வீடு சென்னீர்குப்பத்தில். போன வருஷம் அவளுடைய அம்மா இறந்துவிட்டார். வீட்டில் அவளும் அவள் அப்பாவும்தான்.

"நீ சொன்னா மாரியே வெந்தயம் ஊற வச்சு தலைக்குத் தேய்ச்சேன்டி. முடி கொட்றது நின்னுடுச்சு" என்றாள்.

"நான் எப்ப சொன்னேன்?"

"போடி, கலாய்க்காத. முந்தாநேத்து."

இன்னொருத்தி வந்து, அவளுடைய பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய வாழ்த்துக்கு நன்றி சொன்னாள். மூன்றாமவள், "கால் பண்ணா கட் பண்ணிட்டு மெசேஜ் மட்டும் போடற, ரொம்பத்தான் பண்ற" என்று அலுத்துக்கொண்டாள். நான் இல்லாத இடத்தில் நான் இருந்திருக்கிறேன். பேசியிருக்கிறேன், ஆறுதல் சொல்லியிருக்கிறேன். என்னைச் சுற்றி நின்றவர்களுக்கு அந்த இன்னொருத்தியைப் பிடித்தும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இட்லிக் குண்டானை இறக்கி வைத்துவிட்டு டிரம்மைத் திறந்தேன். கையை முழங்கைவரை அரிசிக்குள் விட்டுத் துழாவினேன். அடித்தகரம் விரலில் தட்டியது. போன் இல்லை.

அந்தச் சாயங்காலத்தை எப்படிச் சொல்வது? எனக்கே தெரியாமல் நானேதான் எடுத்திருக்கிறேன் என்று முடிவு செய்தேன். தூக்கத்தில் நடப்பவர்களைப் போல எடுத்து, பேசி, மறைத்து வைத்திருக்கிறேன். என் பையைக் கொட்டினேன். பாயை உதறினேன். குணமாகிவிட்டேன் என்று நினைத்ததெல்லாம் பொய். விரல் என்னுடையது இல்லை, அது தனியாக எங்கோ போய்வருகிறது. கட்டைவிரல் வலிக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். வலித்தது. அம்மா வந்ததும் எதையும் கேட்கவில்லை. கேட்டால், ஆமாம், நீதான் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் சாயங்காலம் ஆவடியில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்பத்தூரில் ஏறி வந்திருக்கிறாள். அவள் கையில் என் போன்.

நான் எதிர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உதடுகள் எழுத்துக் கூட்டி அசைந்தன. முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது, பிறகு கவலை வந்தது. கட்டைவிரல் போய்ப் போய் வந்தது. என் முகம் இத்தனை நாள் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் வெளியிலிருந்து பார்த்தேன். பட்டாபிராம் போனது, நெமிலிச்சேரி போனது. திருநின்றவூரில் கூட்டம் இறங்கியது. அம்மா தலை நிமிரவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. வண்டி புறப்பட்டது.

"எறங்கற எடம் போயிடுச்சும்மா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். இந்த இரண்டில் எது தன் மகள் என்று ஒரு நொடி அவளுக்குக் குழப்பம். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். இந்த நோயில் எதை மறந்தாலும் அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது.

வேப்பம்பட்டில் இறங்கி, திரும்பி வரும் வண்டிக்காகக் காத்திருந்தோம்.

"எப்பலேருந்தும்மா?"

"டிரம்முல போட்ட மறாநாளே. அடிச்சுகினே கெடந்துச்சு. நீ எடுக்கலன்னா ஊட்டாண்ட வந்து நிப்பாங்கோ. வந்தா இன்னான்னு சொல்றது, மெண்டல் டாக்டராண்ட காட்டிகினு கீறோம்னா? அதான் நானே எடுத்துகினு போயிட்டேன்."

"லாக்கு எப்படித் தெரியும்?"

"உன் வெரலு போற வழி எனக்குத் தெரியாதா? எத்தினி வருசமா பாத்துகினு கீறேன்."

"அதுக்காக, நானா பேசுவியா?"

அம்மா தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னாள். "மொதல்ல கட்டவெரலு பொம்ம மட்டும்தான் போட்டேன். அப்பால ஒருநாளு அந்த ஹேமா பொண்ணு அழுதுச்சு. அவங்கம்மா நெனப்பு வந்துட்ச்சாம். அதுக்கும் கட்டவெரல காட்டிட்டு எப்டிடி போறது?"

நான் அப்படித்தான் போயிருப்பேன். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் போனில் எல்லாவற்றையும் வாசித்தேன். என் பெயர், என் படம், அதன்கீழ் நான் எழுதாத சொற்கள். அம்மா பத்தாவதுவரை படித்தவள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் எங்கள் வழக்கத்தை வாய்விட்டுக் கூட்டிக் கூட்டிப் பிடித்திருக்கிறாள். நான் எப்போதோ அனுப்பிய குரல் செய்திகளைக் காதில் வைத்துக் கேட்டு, எங்கே 'டி' போடுவேன், எங்கே 'ம்' என்று நிறுத்துவேன் என்றெல்லாம் பழகியிருக்கிறாள். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் சாப்பாட்டு நேரம், டீ நேரம், ரயில் என்று அந்த மகள் உயிரோடு இருந்திருக்கிறாள். சாப்டியா, தலைக்கு எண்ண வச்சியா, அப்பாகிட்ட கோச்சிக்காத என்று ஹேமாவுக்கு எழுதியிருக்கிறாள். ஏன்டி இவ்ளோ மாறிட்ட என்று ஹேமா எழுதியிருந்தாள். கீழே ஒரு சிவப்பு இதயம்.

பகலெல்லாம் நான் எதிரில் உட்கார்ந்து அழுதது வெறும் அரிசிக்கு. உள்ளங்கையில் நடுங்கிய தகரத்துக்குள் ஒன்றுமே இல்லை.

ஹேமாவிடம் மறுநாளே சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது. கேட்டுவிட்டு அவள் தன் போனை எடுத்து, பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அப்ப நான் இத்தன நாளா யார்கிட்டடி பேசினேன்?"

அம்மாவின் பட்டன் போன் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கினாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கல்லூரிக்கு வரவில்லை. என் போனுக்கும் எதுவும் வரவில்லை.

மருத்துவர் கதையைக் கேட்டு, அடுத்த முறை அம்மாவும் வரவேண்டும் என்றார். அம்மாவுக்குக் கோபம். "எனக்கு இன்னா? நா நல்லாத்தான் கீறேன்" என்றாள். ஆனால் என் போனை என்னிடம் கொடுத்ததிலிருந்து அவள் கை அடிக்கடி இடுப்புக்குப் போனது. சோறு வடிக்கும்போது சட்டென்று நின்று, "அடிச்சுதா?" என்பாள். இல்லை என்பேன். நான் கற்ற பயிற்சியை அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஹேமா எழுதியிருப்பாளா என்று மட்டும் தினமும் கேட்பாள். அவளுடைய வலி அதுதான், விரலில் இல்லை.

அந்தப் பச்சை பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தோம், இந்த முறை இருவரும் நோயாளிகளாக. என் போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பெஞ்சில் கூட்டம். அம்மா என் வலப்பக்கம் நெருக்கி உட்கார்ந்திருந்தாள். முந்தானை தலையில் இல்லை.

தொடையில் அதிர்ந்தது. எப்போதும் அதிரும் அதே இடம். அம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் இடுப்பில் அடித்திருக்கிறது. கையைத் தூக்கப் போனவளை நான் தலையசைத்து நிறுத்தினேன். அதிரட்டும். இரண்டு பேரும் மூச்சை இழுத்து விட்டபடி, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீண்ட நேரம் அதிர்ந்தது. பிறகு அடங்கியது. அம்மாவின் முகத்தில் பாஸான பிள்ளையின் சிரிப்பு. எனக்கும் பெருமைதான்.

கொஞ்ச நேரம் கழித்து மணி பார்ப்பதற்காக அம்மா இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி என்று சத்தத்தை அணைத்து, அதிர்வில் மட்டும் வைத்திருந்தாள். திரையில் ஒரு தவறிய அழைப்பு. பெயர் இல்லை, எண் மட்டும். ஹேமாவின் எண்ணை அம்மா மனப்பாடமாக அறிவாள்.

திரும்பக் கூப்பிட்டோம். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டோம்.

"வாடி" என்றாள் அம்மா. எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஆவடியிலிருந்து சென்னீர்குப்பத்துக்கு அந்தப் பஸ் எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அம்மா எழுந்து எழுந்து உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விடுமுறை முழுவதையும்விட நீளம் அது.

ஹேமா கதவைத் திறந்தாள். தலை சீவவில்லை. கண் வீங்கியிருந்தது. உயிரோடு இருந்தாள். அதற்கு மேல் எதையும் கவனிக்க எனக்குத் தெம்பில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு தடவ கூப்ட்டு இன்னாத்துக்கு ஆஃப் பண்ணிட்ட?" என்று அம்மா சத்தம் போட்டாள்.

"நீங்க எடுக்கல ஆன்டி. நீங்களும் பொய்தான்னு நெனச்சேன்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்டியா?" என்றாள்.

அந்தக் கேள்வியை ஹேமா பலமுறை வாசித்திருக்கிறாள். காதால் கேட்டது அன்றுதான். தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா அடுப்படி எங்கே என்றுகூடக் கேட்காமல் உள்ளே போனாள்.

இப்போது ஹேமா கல்லூரிக்கு வருகிறாள். என்னிடம் அளவாகத்தான் பேசுவாள். அம்மாவை நேராகக் கூப்பிடுவாள். அம்மாவும் நானும் சிகிச்சையில்தான் இருக்கிறோம். என் போன் குறித்த நேரத்துக்கு மட்டும் வெளியே வரும். வீட்டில் அரிசி அளப்பது மறுபடி நான்தான்.

முழுதாகக் குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். தொடையில் இன்னும் அதிர்கிறது. முன்பெல்லாம் அதிர்வும் கையும் ஒன்றாகவே போகும். இப்போது இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. மருத்துவம் எனக்குத் தந்தது அவ்வளவுதான். அந்த நேரத்தில் அது அடங்கிவிடும் என்று காத்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அடங்குவதற்குள் ஒருமுறை கையை வைத்துப் பார்த்துவிடுகிறேன், ஒன்றும் இல்லை என்று தெரிந்தே. யாராவது கூப்பிட்டிருந்தால்?